தைத்துக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில், மகளிர் தையல் குழுக்கள் ஆதரவற்றோர் இல்லங்களுக்கு உடைகளும், மருத்துவமனைகளுக்குப் போர்வைகளும், பள்ளிகளுக்குத் துணிப்பைகளும் தைத்து வழங்கிய செய்திகளை அடிக்கடி படித்து வருகிறேன். அரசுப் பள்ளியில் தையலாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெண்களோடு சேர்ந்து இப்போதும் இத்தகைய பணியைச் செய்து வருபவள் என்ற முறையிலும் அச்செய்திகள் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகின்றன. அந்த மகிழ்ச்சியோடு ஒரு வேண்டுகோளையும் தங்கள் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். அறப்பணிக்காகத் தைக்கும் குழுக்கள், பெறப்போகிறவரிடம் என்ன வேண்டும், எந்த அளவில் வேண்டும், எத்தனை வேண்டும் என்று கேட்ட பிறகே துணியில் கத்தரி வைக்க வேண்டும். பெறும் நிறுவனங்களும் கூச்சப்படாமல் தங்கள் தேவையைச் சொல்ல முன்வர வேண்டும். இந்த இரண்டும் நடக்காத காரணத்தால், நல்ல துணியும் நல்ல உழைப்பும் அலமாரிகளிலும் சாக்கு மூட்டைகளிலும் முடங்கிக் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

கைத்திறனுக்கு நம் மாநிலத்தில் குறைவே இல்லை. சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டத்தின் வழியாகக் கைம்பெண்களும், கணவரால் கைவிடப்பட்டோரும், மாற்றுத்திறனாளிகளும் மெஷின் பெற்றிருக்கிறார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் பிரிவு எழுதித் தேர்ச்சி பெற்று, பள்ளி வேலைக்காகக் காத்திருந்து, அது கிடைக்காமலே வீட்டோடு நின்றுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். குரோஷா ஊசி பிடித்தால் கீழே வைக்காத கைகளும் உண்டு. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற மகளிர் குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்களில் இருக்கும் பெண்கள் தத்தம் வீட்டு வேலைகளுக்கு இடையே பின்னிய துண்டுகளை ஒன்று சேர்த்து உருவாக்கிய போர்வை அது. சாதனை முடிந்த பின் மீண்டும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, இல்லாதவர்களுக்குப் போர்வைகளாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பெண்களும் ஒரே அளவுக்கு, ஒரே நோக்கத்துக்குப் பின்ன முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

எங்கள் தென்மாவட்டங்களுக்கு இதில் இன்னும் பழைய வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேய மறைப்பணியாளர் மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர், அந்த லேஸ் விற்ற காசைச் சேர்த்துக் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்டார்கள். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கலையையும் உடன் கொண்டுவந்து, பனையேறிகளின் வீட்டுப் பெண்களுக்குக் கற்பித்தார். ஊசியும் நூலும் ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் வெளியே சான்று தேட வேண்டியதில்லை. இத்தனை திறமை இருந்தும், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதே என் கவலை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய வாரங்களை நாகப்பட்டினத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுவதிலுமிருந்து லாரி லாரியாகத் துணிகள் வந்து இறங்கின. கடலில் உழைத்துத் தன் காலில் நின்று பழகிய மீனவ மக்கள், பிறர் உடுத்திக் கழித்த துணிகளை ஏற்க விரும்பவில்லை. அவை சாலையோரங்களில் குவிந்து, மழையில் நனைந்து, புழுதியில் புரண்டு கிடந்தன. அனுப்பியவர்கள் எவரும் தீய எண்ணத்தோடு அனுப்பவில்லை. ஆனால், அந்தக் கரையில் நின்ற பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. வீட்டையும் பெட்டியையும் கடல் கொண்டுபோன பின் ஒரு பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது உள்ளாடையும், நாடாவோடு கூடிய உள்பாவாடையும், மாதவிடாய்க்கு வேண்டிய சுத்தமான துணியும் என்பதை ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அப்படிக் குவிந்து கிடந்த துணிகளில் பெரும் பகுதியை, 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு பின்னர் பொறுப்பேற்றுக்கொண்டு, தரம் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பழைய பருத்தித் துணியைத் துவைத்து, வெட்டி, மாதவிடாய்க்கான துணி நாப்கின்களாகச் செய்து தருவதை இன்றுவரை ஒரு பெரும் பணியாகவே அந்த அமைப்பு செய்துவருகிறது.

அதே பேரலைக்குப் பின் ஆரோவில்லில் நடந்த வேறொரு முயற்சியையும் குறிப்பிட வேண்டும். அங்குள்ள ‘உபாசனா’ ஆடை வடிவமைப்புக் கூடத்தில், சுற்றுவட்டார மீனவக் கிராமப் பெண்களுக்குத் துணி வெட்டுத்துண்டுகளைக் கொண்டு விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்று பெயரிடப்பட்ட அந்தப் பொம்மை விற்கப்படவில்லை. அன்பளிப்பாகவே உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. செய்த பெண்களுக்கோ, வந்த நன்கொடையிலிருந்து கூலி கிடைத்தது. கடலைப் பார்க்கவே அஞ்சிக்கொண்டிருந்த பெண்கள் கூடி உட்கார்ந்து, கையை ஒரு வேலையில் வைத்துக்கொண்டு, மனம்விட்டுப் பேச ஓர் இடம் கிடைத்தது. அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது இன்னொரு மூட்டைத் துணி அன்று, செய்வதற்கு ஒரு வேலை என்பதை யாரோ உணர்ந்து கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த முயற்சி நிலைத்தது.

கேட்டுத் தைப்பது எப்படி இருக்கும் என்பதற்கு, எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்கு, காயத்தின் உள்ளே ஊறும் நீர் வடிவதற்காக மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் முனையில் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் குடுவை ஒன்றை இணைத்து வைப்பார்கள். பலர் அந்தக் குழாயோடும் குடுவையோடும்தான் வீடு திரும்புகிறார்கள்; சிலருக்கு அது ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். அதை எங்கே வைப்பது? சேலை மடிப்பில் வைத்தால் நழுவுகிறது. நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டால் நடக்கும்போது ஆடி, தோலில் போட்ட தையலை இழுக்கிறது. மளிகைக்கடை கேரி பேக்கில் போட்டு, ஒரு கையால் பிடித்தபடியே கழிப்பறைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மறுகைப் பக்கம்தான் அறுவை நடந்திருக்கும். ஆக, அவளுக்கு இரண்டு கைகளும் இல்லாத நிலை.

இதற்கு வேண்டியது ஒரு சிறிய துணிப்பை மட்டுமே. மெஷின் பழகியவர் அரை மணி நேரத்தில் தைத்துவிடலாம். ஆனால், எப்படித் தைப்பது என்பதை வார்டில் பணியாற்றும் செவிலியர்தாம் சொல்ல முடியும். நாங்கள் கேட்டபோது மூத்த செவிலியர் ஒருவர் நின்றபடியே பத்து நிமிடம் விளக்கினார். பை அடர்நிறத்தில் இருந்தால் கறை தெரியாது என்றுதான் தைக்கிற எவரும் நினைப்பார்கள். அவரோ, வெளிர்நிறத் துணிதான் வேண்டும், குடுவை கசிந்தால் உடனே கண்ணில் பட வேண்டும் என்றார். வாயில் ஜிப் வைக்கக் கூடாது, குழாய் நசுங்கும் என்றார். வார் குறைந்தது ஒன்றரை அங்குல அகலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தோளை அறுக்கும். அறுவை நடந்த பக்கத்தை விட்டு மறு தோளில் குறுக்காகப் போட்டால் பை இடுப்புக்கு வரும் நீளம் வேண்டும், குடுவை எப்போதும் காயத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் உயரம் மாறும் என்பதால் வாரை முடிச்சிட்டுக் கட்டும்படி இரு துண்டுகளாக விட வேண்டும். ஒன்றைத் துவைத்துக் காயப்போடும்போது மாற்றிக்கொள்ள ஒருவருக்கு இரண்டு பைகள் வேண்டும். இவற்றில் எதுவும் தையல் புத்தகத்தில் இல்லை. நாற்பது அங்குல அகலத்தில் பாப்ளின் துணி வாங்கி, ஓர் இரவு நனைத்து உலர்த்தி, இஸ்திரி போட்டு வெட்டினால் ஒரு மீட்டரில் மூன்று பைகள் எடுக்கலாம் என்பது மட்டுமே எங்கள் பங்குக்கு நாங்கள் சேர்த்த அறிவு.

அதே உரையாடலில் இன்னொன்றும் தெரிய வந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கு நன்கொடையாக வரும் நைட்டிகளை, அவர்களைப் பராமரிப்பவர்கள் முதுகுப்புறம் மேலிருந்து கீழாகக் கத்தரியால் வெட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். கையைத் தூக்க முடியாதவருக்குத் தலைவழியாக உடை மாட்டுவது அவருக்கும் துன்பம், மாட்டுபவருக்கும் துன்பம். வெட்டிய விளிம்பு இரண்டு துவைப்பில் பிரிந்து நூல் நூலாகத் தொங்கும். முதலிலேயே முதுகுப்புறம் முழுத் திறப்பு வைத்து, விளிம்பை மடித்துத் தைத்து, படுத்திருக்கும்போது முதுகில் உறுத்தாத வகையில் பக்கவாட்டில் துணி நாடா வைத்துக் கொடுத்தால், ஆயுள்வரை அந்த உடை உழைக்கும். முதியோர் தினத்தன்று மேடையில் வைத்துப் பளபளப்பான புதுச்சேலை வழங்கும் குழுக்கள், அவ்வில்லத்தில் எழுந்து நடமாட முடியாமல் உள்ளே படுத்திருப்பவர்களைப் பற்றியும் ஒரு முறை விசாரிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மார்பகத்தை இழந்த பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வதற்காகப் பருத்தி நூலில் பின்னித் தரும் செயற்கை மார்பகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. சிலிக்கானில் செய்தவை விலை அதிகம். நம் வெயிலுக்கு வியர்வையும் எரிச்சலும் வேறு. மும்பையில் தொடங்கிய ‘சாயிஷா இந்தியா பவுண்டேஷன்’ 2018 முதல் தன்னார்வப் பெண்களைக் கொண்டு இவற்றைக் குரோஷாவில் பின்னி, தேவைப்படுவோருக்கு இலவசமாக வழங்கி வருகிறது. இதில் வலது, இடது, அளவு எல்லாம் பார்த்தே பின்ன வேண்டும். முடிச்சும் நூல் நுனியும் தழும்பின் மேல் படக்கூடாது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய மாநிலம் இது. நம் ஊர்தோறும் இருக்கும் குரோஷா தெரிந்த பெண்கள் வாசல் தோரணமும் சோபா விரிப்பும் பின்னுகிற நேரத்தில் ஒரு பகுதியை இதற்குத் தந்தால், சிகிச்சை முடிந்து வெளியே வரும் பெண்கள் நிமிர்ந்து நடக்க அது உதவும்.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் கேட்காமல் தைப்பது வீண் என்பதோடு நிற்பதில்லை. அது ஆபத்தாகவும் முடியலாம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும், 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது 26 செ.மீ. அளவே. கடைக் குல்லாய் அந்தக் குழந்தையின் கண்ணையும் மூக்கையும் மூடிவிடும். உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாத அந்தச் சிசுக்களுக்குத் தலையை மூடும் சிறு தொப்பி உண்மையிலேயே பயன்படும். ஆனால், பஞ்சு உதிரும் உல்லன் நூல் கூடாது. பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் கூடாது. அடர்த்தியில்லாத பின்னலில் சின்ன விரல்கள் சிக்கும். கையுறை, காலுறைகளின் உட்புறத்தில் வெட்டாமல் விட்ட ஒற்றை நூலிழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுபோகும். குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய, குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கும் இயக்கம்கூட, அதன் கால்கள் இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது என்று கண்டிப்பாக வரையறை வைத்திருக்கிறது. ஆகவே, சம்பந்தப்பட்ட பிரிவின் மருத்துவரும் செவிலியரும் ஒப்புக்கொண்ட பொருளை, அவர்கள் சொன்ன நூலில், சொன்ன அளவில் மட்டுமே செய்து கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மனத்தாங்கல் இன்றி ஏற்க வேண்டும்.

பள்ளி மாணவியருக்கான துணி நாப்கின்களைத் தைக்கும் குழுக்களும் பெருகி வருகின்றன. ஆரோவில்லைச் சேர்ந்த ‘எக்கோ ஃபெம்’ 2010 முதல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு இவற்றைத் தைத்து, விற்கும் வருவாயின் துணையோடு மாணவியருக்கு இலவசமாகவும் வழங்கி வருகிறது. இங்கே கேள்விக்கு வரும் பதில் வேறு. குடுவைப் பைக்கு வெளிர்நிறம் வேண்டும் என்றால், இதற்கு அடர்நிறம் வேண்டும். வெயில் படும் கொடியில் கூச்சமின்றிக் காயப்போட முடிகிற வடிவமாகவும் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் இருட்டு மூலையில் ஈரத்தோடு மடித்து வைப்பார்கள், நோய் வரும். பள்ளியில் தண்ணீர் வசதி உண்டா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாத பள்ளிக்குத் துணி நாப்கின் கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிய தொல்லையையே கொடுக்கும். இதை விழாவில் தலைமை விருந்தினரிடம் கேட்டுப் பயனில்லை; ஆசிரியை ஒருவர் துணையோடு அந்த மாணவியரிடமே கேட்க வேண்டும்.

இவ்விடத்தில், சற்று கசப்பானாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. இலவசமாகத் தைக்கும் கை, கூலிக்குத் தைக்கும் கையின் வயிற்றில் அடித்துவிடக் கூடாது. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். கொரோனா காலத்தில் முகக்கவசங்களைத் தைத்துக் குடும்பத்தை ஓட்டியவர்களும் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்களே. உருப்படிக்கு இவ்வளவு என்று கிடைக்கும் அந்தக் கூலியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு நடக்கும் ஒரு நிறுவனம், தன் விடுதி முழுமைக்கும் திரைச்சீலையும் தலையணை உறையும் ‘சேவையாக’த் தைத்துத் தரும்படி ஒரு குழுவை அணுகியதை நான் அறிவேன். அந்த நிறுவனத்தால் அதே தெருவில் இருக்கும் தையற்கடைக்குக் கூலி கொடுத்திருக்க முடியும். குழுவினர் மறுத்ததும் சரிதான்.

இது இன்று தோன்றிய சிக்கலும் அன்று. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது, படைவீரர்களுக்கும் ஏழைகளுக்கும் உடைகள் தைத்துத் தருமாறு பிரிட்டனின் மேரி அரசியார் தம் பெயரிலான தையற்சங்கத்தின் வழியே நாட்டுப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அதே வாரங்களில்தான் போரின் குழப்பத்தால் தையல் தொழிலிலும் நெசவிலும் இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். வசதியுள்ள பெண்கள் சட்டையை இலவசமாகத் தைத்தால், அதைத் தைத்துப் பிழைப்பவளுக்கு யார் சோறு போடுவது என்று தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அரசியார் அவரை அழைத்துப் பேசினார். வாதத்தின் நியாயத்தை ஏற்றார். வேலையிழந்த பெண்களுக்குக் கூலியோடு வேலை தரும் நிதி ஒன்று அந்த மாதமே அரசியாரின் பெயரால் தொடங்கப்பட்டது. எங்கோ நடந்த கதை என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தைத்துப் பிழைக்கும் பெண்ணின் நிலை அன்றைய லண்டனிலும் இன்றைய மேலப்பாளையத்திலும் ஒன்றுதான். கடையில் கிடைக்காத பொருள், சந்தையில் யாரும் தைக்காத அளவு, வாங்க வழியே இல்லாதவர் என்னும் இடங்களில் அறப்பணித் தையல் நிற்கட்டும். பணம் கொடுத்து வாங்கக்கூடியதைப் பணம் கொடுத்தே வாங்கட்டும். துணி வாங்கும் நன்கொடையாளர்கள் கூலிக்கும் சேர்த்துத் தந்தால், வெட்டுவதைக் குழுவும் தைப்பதை வேலை இல்லாத ஒரு பெண்ணுமாகப் பகிர்ந்துகொள்ளலாம். நாங்கள் அப்படிச் செய்கிறோம்.

அதே போரின் அடுத்த ஆண்டிலேயே இன்னொரு குறை வெளிப்பட்டது. நாடெங்கும் பெண்கள் காலுறையும் கழுத்துத்துணியும் பின்னிக் குவித்தார்கள். ஓரிடத்தில் தேங்கின, வேறோரிடத்தில் தட்டுப்பாடு. 1915இல் பிரிட்டிஷ் அரசு எட்வர்ட் வார்டு என்ற அதிகாரியைத் தன்னார்வ அமைப்புகளை ஒருங்கிணைக்கும் தலைமை இயக்குநராக நியமித்தது. எந்தப் பொருள் வேண்டும் என்று படைப்பிரிவுகள் கேட்க, அதைக் குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை அதன் பின்னரே வந்தது. நம் காலத்திலும், 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் சிக்கிய விலங்குகளுக்காகக் கங்காருக் குட்டிப் பைகளும் கோலா கையுறைகளும் உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்து, போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று அங்குள்ள கைவினைக் குழுவினரே கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. அன்புக்கு எங்கும் தட்டுப்பாடு இல்லை, தகவலுக்குத்தான் தட்டுப்பாடு.

நம் மாவட்டங்களில் இந்தத் தகவலுக்கு வழி செய்வது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் செவிலியர் கண்காணிப்பாளர், தங்களுக்குத் தேவைப்படும் துணிப் பொருட்கள் எவை, என்ன அளவு, மாதத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. முதியோர் இல்லங்களும் சிறப்புப் பள்ளிகளும் அவ்வாறே செய்யலாம். வேண்டாதவை எவை என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். கொடுப்பவர் மனம் நோகுமே என்று எதையும் வாங்கி வைத்துக்கொள்வதால்தான் அலமாரிகள் நிரம்புகின்றன. மாவட்ட சமூக நல அலுவலகம், ஒப்புதல் பெற்ற தாள் வெட்டு மாதிரிகளை வைத்திருந்து, கேட்கும் குழுக்களுக்குப் பிரதி எடுத்துத் தரலாம். ஒரே மாதிரியில் பத்துக் குழுக்கள் தைத்தால் மருத்துவமனைக்கும் குழப்பமில்லை. அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் தையலாசிரியர் பணியிடங்களை நிரப்பினால், மாணவியரும் இந்த மாதிரிகளைத் தைத்துப் பழகலாம்; பயிற்சிக்கென்று தைத்துப் பிரித்து வீணாகும் துணி, யாருக்கோ பயன்படும் பையாக மாறும்.

குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவதோடு நிறுத்தாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் போய், எது உழைத்தது, எது பிரிந்தது, எது பயன்படாமல் கிடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். எங்கள் குழுவில் கண் மங்கி ஊசி கோக்க முடியாத பெரியவர்களும் இருக்கிறார்கள். துணியை நனைத்துக் காயவைப்பது, மடிப்புப் பிடித்துக் கொடுப்பது, முடிந்த பொருளைத் திருப்பித் தொங்கும் நூல்களை விரலால் தடவிப் பார்த்து வெட்டச் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. குழந்தைகளுக்கான உருப்படிகளில் அவர்கள் விரல் தப்பி ஒரு நூலும் போனதில்லை. பெறுகிறவரின் முகம் தெரியும்படி படம் எடுத்து வெளியிடுவதையும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் பெண், ஒரு துணிப்பைக்காகத் தன் நோயை ஊரறியச் செய்ய வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. தங்கள் மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒரு முறையேனும் சிறு கட்டம் ஒன்றை ஒதுக்கி, அந்தந்த மாவட்ட மருத்துவமனைகளும் இல்லங்களும் பள்ளிகளும் எழுதி அனுப்பும் துணித் தேவைகளை, அளவோடும் எண்ணிக்கையோடும் வெளியிட வேண்டும். தேவை நிறைவேறியதும் அதே இடத்தில் ‘நிறைவேறியது’ என்று அறிவித்துவிட்டால், ஒரே இடத்துக்குப் பலர் கொண்டுபோய்க் கொடுப்பதும் நிற்கும். வழங்கும் விழாச் செய்திகளுக்குத் தாங்கள் தரும் இடத்தில் நான்கில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்கு முன் இது தொடங்கினால், கோடை விடுமுறையில் மெஷின் முன் உட்கார நேரம் கிடைக்கும் பெண்கள் பலருக்கு உதவியாக இருக்கும். முதல் கட்டத்தில் வெளியிடுவதற்காக, மேலே நான் குறிப்பிட்ட குடுவைப் பைக்கும் முதுகுத் திறப்பு நைட்டிக்கும் உரிய வெட்டு அளவுகளைப் படத்தோடு வரைந்து அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் சரிபார்த்த பின்பே அவற்றை வெளியிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தையலாசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.